ஃபேரர் பார்க்கில் இறங்கிய வானூர்தி

சிராங்கூன் சாலைக்கு இணையாகச் செல்லும் ரேஸ் கோர்ஸ் சாலையை நம்மவர் பலரும் வாழையிலைச் சாப்பாட்டுக்காகவே அறிவர். பெயர்க் காரணத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. 1933ஆம் ஆண்டு புக்கித் தீமாவுக்கு இடம்பெயரும் வரை, குதிரைப் பந்தயங்கள் ஃபேரர் பார்க்கில்தான் நடைபெற்றன. அத்திடலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1911 மார்ச் 16 அன்று பெல்ஜிய நாட்டவரான ஜோசப் கிறிஸ்டியன்ஸ் அங்கு வானூர்தியில் பறந்து காட்டினார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே திடலுக்கு, இலண்டனிலிருந்தே ஒரு வானூர்தி வந்து சேர்ந்தது.

இங்கிலாந்திலிருந்து 30 நாள்களுக்குள் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுன் பரிசு என அந்நாட்டு அரசு 1919இல் அறிவித்திருந்தது. ராஸ் ஸ்மித், அவர்தம் தமையனார் கீத் ஸ்மித், பொறிவல்லுநர்கள் பென்னட், ஷையர்ஸ் ஆகிய நால்வரும் 'விக்கர்ஸ் விமி' என்னும் இரட்டை எஞ்சின் வானூர்தியில் நவம்பர் 12 அன்று இலண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். கெய்ரோ, கராச்சி, டெல்லி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக் எனத் தங்கித் தங்கி, டிசம்பர் 4 அன்று சிங்கப்பூரை அடைந்தனர்.

பந்தயத் திடலோ அவ்வளவு பெரிய வானூர்திக்குச் சிறியது. இறங்கும் வேளையில் பென்னட் தம் இருக்கையை விட்டு வெளியேறி, உடற்பகுதியின் மேல் சறுக்கிச் சென்று வாலை அழுத்தினார். அந்தப் பாரத்தால் வால் விரைவில் தரையைத் தொட, வானூர்தி குறுகிய தொலைவிலேயே நின்றது.

டிசம்பர் 10 அன்று அவர்கள் டார்வின் நகரை அடைந்தனர். ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர், 28 நாள்கள். ஆனால் வானில் பறந்த நேரம் சுமார் 135 மணி மட்டுமே. அதாவது ஐந்தில் ஒரு பங்கு! எஞ்சிய காலமெல்லாம் தரையில் கழிந்தது. பைசாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. சுராபாயாவில் மக்கள் கொணர்ந்த மூங்கிற் பாய்களை விரித்து, அவற்றின் மேல் ஓட்டியே வானூர்தியை மேலெழுப்பினர். இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வர அவர்களுக்கு 22 நாள்கள் ஆயின. அன்றைய கப்பல்களும் சூயஸ் கால்வாய் வழியே மூன்று நான்கு வாரங்களில் வந்துகொண்டிருந்தன என்பதை நினைவிற் கொள்க.

ஆகவே, இரு நகரங்களுக்கு இடைப்பட்ட பயண நேரத்தைக் குறைத்தது எஞ்சினின் வேகம் மட்டுமன்று. நல்ல ஓடுதளமும் அதில் பாதிப் பங்குடையது என்பேன். 1937இல் கல்லாங், 1955இல் பாய லேபார், 1981இல் சாங்கி என நம் நகரம் தன் தரையைச் செப்பனிட்டுக்கொண்டே வந்தது. இன்று இலண்டனுக்கு ஏறத்தாழ 14 மணி நேரம்; சென்னைக்கு நான்கு மணி நேரம்.

அப்போட்டியில் இறங்கியோருள் நால்வர் வழியிலேயே உயிர் துறந்தனர். வென்ற ராஸ் ஸ்மித்தும் பென்னட்டும் 1922இல், மற்றொரு வானூர்தியைச் சோதித்தபோது மாண்டனர். ஃபேரர் பார்க் நிலத்தில் வீடமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டபின், பழைய திடலும் உருமாறி வருகிறது. நிலம் மாறலாம். பெயர்க் காரணத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நம் கடமை.