சிரங்கும் ஷெபீல்டு நகரமும்

சொறி சிரங்கு கண்டவரை அழுக்கர் என்று ஒதுக்கும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் எஃகுத் தொழில் நகரமாகிய ஷெபீல்டின் வரலாறு இதனை நமக்கு உணர்த்துகிறது.

சிரங்கிற்குக் காரணம் தோலைத் துளைத்து வாழும் நுண்ணிய உண்ணி. இத்தாலியரான பொனோமோ 1687-இலேயே இதனை எழுதிவைத்தார். எனினும் உடலின் கேட்டினால் விளைவதே சிரங்கு என்று மருத்துவர் பலர் நம்பினர். 1834-இல் பாரிசு நகரில் ரெனூச்சி என்னும் மாணவர் உண்ணியை ஊசிமுனையால் எடுத்துக் காட்டிய பின்னரே ஐயம் நீங்கிற்று.

1930-களில் இங்கிலாந்தின் நகரங்களில் சிரங்கு பெருகத் தொடங்கியது. 1939-இல் போர் மூண்டதும் நகரச் சிறுவர்கள் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏழைப் பிள்ளைகளின் தூய்மைக்குறைவே நோய்க்குக் காரணம் என்று பழிக்கப்பட்டது. படைவீரர்களின் கம்பளிகளை நோய்நீக்கம் செய்யப் பெரும்பொருள் செலவாயிற்று.

1941-இல் கென்னத் மெல்லன்பி என்னும் அறிஞர் ஷெபீல்டில் ஆய்வு தொடங்கினார். மனச்சான்றின்படி போரிட மறுத்த இளைஞர்கள் தாமே முன்வந்து, நோயுற்ற வீரர்களின் உள்ளாடைகளை அணிந்தனர். அவர்களுடைய கம்பளிகளில் உறங்கினர். மிகச் சிலரையன்றி நோய் பற்றவில்லை. நோயாளியோடு ஒரே படுக்கையில் உறங்கியபோதே பற்றியது. முதன்முறை பற்றியோர்க்கு ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்தே அரிப்புத் தோன்றியது. அதற்குள் நோய் பிறரையும் அடைந்துவிடும். குளிப்பதால் உண்ணி மாய்வதில்லை. வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் பென்சைல் பென்சோயேட்டு மருந்தைக் கழுத்து முதல் கால்வரை பூசுவதே பயன் தந்தது.

போருக்குப்பின் தணிந்த நோய் 1960-களில் மீண்டும் தலையெடுத்தது. 1978-இல் ஷெபீல்டைப் பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரை, குடும்பத்தைப் பற்றும் நோய் என்று தலைப்பிலேயே இதனைக் குறித்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் சிரங்கினைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? ஒரே பாயில் ஐவர் உறங்கும் குடிசையில் சிரங்கு பரவுவது இடநெருக்கடியால். அங்கு வாழ்வோரின் பிறப்பாலோ ஒழுக்கத்தாலோ அன்று. சிரங்கு கண்ட பிள்ளையைக் கடைசி வரிசையில் தனியே அமர்த்தினால் நோய் தீராது. அப்பிள்ளையின் கல்வியே தீர்ந்துபோகும். சிறிது நேரத் தொடுகையால் இந்நோய் எளிதில் பற்றுவதுமில்லை.

ஆதலின் பெற்றோர் நாணி மறைத்தல் வேண்டா. குடும்பத்தினர் யாவரும் ஒரே நாளில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் சென்று மருந்து பெறுக. இன்று பெர்மெத்ரின் களிம்பு பெரிதும் வழங்கப்படுகிறது. வீட்டார் அனைவரும் பூச வேண்டும் என்னும் முறை மாறவில்லை. ஆசிரியர்கள் அப்பிள்ளையை மருந்திட்ட மறுநாளே வகுப்பில் சேர்த்துக்கொள்க. மாணவர் விடுதி நடத்துவோர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்பாயும் கைகால் நீட்டிப் படுக்கப் போதிய இடமும் தருக. நூறு அறிவுரைகளினும் ஒரு பாய் அகலமான இடமே பிள்ளையைக் காக்கும்.