பிரிக்பீல்ட்ஸும் பார்வையற்ற மாணவரும்

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் மேடுபட்ட கோடுகளும் புள்ளிகளும் கொண்ட தரைக்கற்கள் பதிக்கப்பட்டிருப்பதை அவையோர் கண்டிருப்பீர்கள். வெண்கோல் ஏந்தி நடப்போர் அவற்றைத் தொட்டே வழி அறிகின்றனர். பார்வையற்றோர் இவ்வட்டாரத்தில் இத்துணைப் பேர் வாழ நேர்ந்தது எவ்வாறு என ஆராயப் புகுந்தால், நாம் முதற்கண் கோலாலம்பூரை விட்டு மலாக்காவுக்குச் செல்ல வேண்டியுள்ளது.

1926ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் மருத்துவப் பணியினர் அங்கே பார்வையற்றோர்க்கென ஓர் இல்லம் தொடங்கினர். சிறுவர்களின் காவலராகக் கிறிஸ்தவ மரபு போற்றும் புனித நிக்கலஸின் பெயர் அதற்கு வாய்த்தது. 1931இல் இல்லம் பினாங்குக்கு மாறியது. பார்வையற்ற சிறார்க்கான இளவரசி எலிசபெத் பள்ளி ஜொகூர் பாருவில் எழுந்ததோ 1948இல்தான். திருச்சபை வழிகாட்டி 22 ஆண்டுகள் கழிந்த பின்னர்.

தமிழ் மண்ணுக்கு இம்முயற்சி புதிதன்று. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இலேயே பார்வையற்றோர்க்குக் கல்வி புகட்டத் தொடங்கிவிட்டார். குருடர்க்குச் சோறிடுவதை நம் முன்னோரும் அறமெனக் கொண்டனர். ஆயின் சோறிடுதல் வேறு, எழுத்தறிவித்தல் வேறு. முன்னது பெறுபவனைத் திண்ணையிலேயே இருத்திவிடும். பின்னது அவனை வகுப்பறைக்குக் கொண்டு செல்லும். சமயப் பணியாளர் செய்த பெருந்தொண்டு இவ்விரண்டாவதே என்பது நம் கருத்து.

அத்தொண்டை ஐயுற்றோரும் இருந்தனர். பிள்ளை படிக்கப் போய் மதம் மாறி வருவானோ என்னும் அச்சம் வெறுங்கற்பனையன்று. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதற்கு அவ்வச்சமே காரணம். அந்நினைவோடு மலாயாவுக்கு வந்த இலங்கைத் தமிழர் 1904இல் பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்த ஆசிரமத்தை அமைத்தனர். இவ்வையத்தை மறைத்துவிட்டுத் திருச்சபையை மட்டும் புகழ்வது வரலாறாகாது.

1951இல் மலாயாப் பார்வையற்றோர் சங்கம் உருவாயிற்று. அது சமயம் சாராதது. அவ்வாண்டே கொல்லப்பட்ட உயர் ஆணையர் ஹென்றி கர்னியின் பெயரால் பிரிக்பீல்ட்ஸில் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. பயில வந்தவர் பலர் இங்கேயே தங்கினர். இரயில் நிலையமும் உடம்புபிடி நிலையங்களின் வேலைவாய்ப்பும் அவர்களை நிறுத்தின. 1960களில் பார்வையற்ற மாணவரைப் பொதுப் பள்ளிகளில் ஏனையோருடன் அமர்த்திக் கற்பிக்கும் முறையும் தொடங்கியது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்பின் சமயப் பள்ளிகளும் பெரும்பாலும் அரசின் உதவி பெறும் பொதுப் பள்ளிகளே. நிலம் திருச்சபைக்கு, ஊதியம் அரசுக்கு என்னும் விந்தையான பங்கீடு அது. அவ்வகுப்பறையில் பக்கத்து இருக்கைப் பார்வையற்ற சிறுவனுக்குக் கரும்பலகையைப் படித்துக்காட்டும் ஆசிரியரின் நெஞ்சில் விவிலியம் இருக்கலாம், தேவாரமும் இருக்கலாம். மாணவனின் சமயத்தை அவர் வினவ வேண்டுவதில்லை. பழைய அச்சம் தணிய இதுவே வழியாயிற்று.

எனினும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. அக்காலக் கல்வி ஆங்கில வழியில் நடந்தது. 1970 முதல் படிப்படியாக மலாய் வழிக்கு மாறியது. தமிழ்ச் சிறுவனின் விரல் தாய்மொழியை முதலில் தொடவில்லை. எழுத்து இல்லாமலா? 1951இல் இந்தியாவில் பாரதி பிரெய்ல் வகுக்கப்பட்டபோது, அகரம் முதல் னகரம் வரை அந்த ஆறு புள்ளிகளைக் கொண்டே அமைந்துவிட்டன. தங்கள் கையிலுள்ள இவ்வுரைநூலோ மையால் அச்சிடப்பட்டது.