முடக் கொல்லனும் தேவர் நகைப்பும்

செப்பேடு என்றவுடன் மன்னர் வழங்கிய நிலக்கொடையே நம் நினைவுக்கு வரும். ஐரோப்பிய ஓவியர் அதே செம்பில் படம் வரைந்தனர். தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால், படம் இடவலம் மாறிப் பதியும். இதுவே 'எட்சிங்' எனும் கலை.

இக்கலையில் வல்லவருள் ஒருவர் ஜெர்மானியரான லோவிஸ் கொரிந்த் (1858–1925). அவர் 1909இல் 'ஹோமரிய நகைப்பு' எனும் வண்ண ஓவியத்தைத் தீட்டினார். கதை, ஒடிசியின் எட்டாம் படலத்தில் வருவது. கால் ஊனமுற்ற தெய்வக் கொல்லன் ஹெஃபைஸ்டஸ், தன் மனைவி அஃப்ரோடைட்டியும் போர்த்தெய்வம் ஏரிஸும் கூடியிருக்கையில், கண்ணுக்குப் புலனாகா வலையால் அவர்களைப் பிணித்துத் தேவர்களை அழைக்கிறான். தேவர்கள் நகைக்கின்றனர். ஊனத்தால் இகழப்பட்டோம் என்னும் அவன் புண்ணை எண்ணுவார் அங்கு எத்தனை பேர்?

1911 டிசம்பரில் கொரிந்தைப் பக்கவாதம் தாக்கியது, இடப்பக்கம் செயலிழந்தது. ஆயினும் அவர் ஊசியைக் கைவிடவில்லை. முதல் உலகப் போர் முடிந்தபின், அதே நகைப்புக் காட்சியைச் செப்புத் தகட்டிலும் வடித்தார். உள்ளத்து உணர்வே உருவத்தை ஆளவேண்டும் என்னும் எக்ஸ்பிரஷனிச நெறியைத் தொடக்கத்தில் விரும்பாத அவர், பிற்காலத்தில் அதனையே நெருங்கினார். அக்காலப் படங்களில் கோடுகள் முறிந்தும் சிதறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடக்கின்றன.

இதனை நோயின் விளைவு எனச் சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. நோய் கையைத் தளர்த்தலாம்; எதனை வரைவது எனத் தேர்வது உள்ளமே. நலமுற்றிருந்தபோது தீட்டிய கதைக்கு, நலமிழந்தபின் அவர் மீண்டும் வந்தார். முதன்முறை தேவர்களோடு சேர்ந்து நகைத்தவர், இரண்டாம் முறை கொல்லனின் பக்கமும் நின்றிருப்பார் எனவே நமக்குத் தோன்றுகிறது.

கொரிந்த் மறைந்து 12 ஆண்டுகள் கழித்து, 1937இல், நாஜி அரசு மியூனிக்கில் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியில் அவருடைய படைப்புகளும் இகழ்ச்சிக்கெனத் தொங்கவிடப்பட்டன. மீண்டும் ஒரு நகைப்பு! நகைத்த ஆட்சி 1945இல் வீழ்ந்தது. அந்தக் கீறல்களோ இன்றும் அருங்காட்சியகங்களில் வாழ்கின்றன. பழங்கதையை ஒருவன் தன் வலியால் மீண்டும் எழுதும்போது அது புதுக்கதையாகிறது என்பதே நாம் இதனிற் காணும் உண்மை.