நடுவர் நடுநிலை: பன்னாட்டு வணிக வழக்குகளில் மரபும் நெறியும்

பன்னாட்டு வணிக நடுவர் தீர்ப்பு என்பது வெவ்வேறு நாட்டு வணிகர்கள் நீதிமன்றம் போகாமல், தாங்கள் ஏற்ற நடுவரிடம் வழக்கை ஒப்படைக்கும் முறை. 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை இத்தீர்ப்புகளை நாடு கடந்தும் செல்லுபடியாக்கியது. ஆனால் நடுவர் யாராக இருக்கலாம் என்பதில் மரபுகள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டின் ஒரு முனை திருவாரூரில் தெரிகிறது. சேக்கிழார் இவ்வூருக்கு உரியவனாகப் பாடிய மனுநீதிச் சோழன், தன் மகனின் தேரில் கன்றை இழந்த பசுவுக்காக அம்மகன்மீதே தேரோட்டியவன். மகன் வழக்கைத் தந்தையே விசாரித்ததை மரபு குறையாகக் கொள்ளவில்லை. பாசத்தை வென்றதையே நீதியின் உச்சமாகப் போற்றியது. இன்றைய நடுவர் நெறியோ அவ்வழக்கிலிருந்து தந்தையை விலகச் சொல்லும்.

இந்தியச் சட்டமும் நெடுங்காலம் ஆளின் நேர்மையையே நம்பியது. அரசு ஒப்பந்தங்களில் அரசுப் பொறியாளரே நடுவராக இருப்பது வழக்கமாக இருந்தது. 1988-இல் சென்னைப் போக்குவரத்துத் துறை தொடர்பான வழக்கில், ஒப்பந்தத்தில் குறித்த கண்காணிப்புப் பொறியாளரை அரசு ஊழியர் என்பதற்காக மட்டும் நீக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வேலை அறிந்தவர் விரைவாகத் தீர்ப்பார் என்ற வாதத்தில் வலு உண்டு. ஆயினும் அந்த அறிவைச் சாட்சியாக நின்றும் அவர் தரலாம். அதற்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் தேவையில்லை. மேலும், ஆளின் நேர்மையை நம்ப அவரை அறிந்திருக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தாரின் குணத்தை ஊரார் அறிவர். அயல்நாட்டு நிறுவனத்துக்கு அந்த அறிமுகம் கிடையாது. ஆகவே பன்னாட்டு வழக்கறிஞர் சங்கம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஐயம் தரும் தொடர்புகளை நடுவர் முன்கூட்டியே வெளிப்படுத்தக் கோரின. அவற்றைத் தழுவி இந்தியச் சட்டத்தில் செய்த 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு தரப்பின் ஊழியர் நடுவராவதைத் தடுத்தது. ஒரு தரப்பு தானாகவே தனி நடுவரை நியமிக்க இடந்தரும் விதியையும் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஏற்க மறுத்தது.

இந்த நெறி மேலைநாட்டு அளவுகோலை எல்லார்மீதும் திணிப்பது என்பர் சிலர். 2011-இல் ஹாங்காங் கண்ட வழக்கு இதற்கு ஓரளவு இடந்தருகிறது. சீனாவின் சியான் நகரில், நடுவர் ஒருவர் விடுதி விருந்தில் ஒரு தரப்பைச் சார்ந்தவரிடம் சமரசம் பேசினார். ஹாங்காங் கீழ் நீதிமன்றம் அதைப் பாரபட்சத் தோற்றம் என்றது. மேல் முறையீட்டு நீதிமன்றமோ அங்குள்ள சமரச வழக்கத்தையும், பின்னர் குறை கூறிய அத்தரப்பே உரிய நேரத்தில் ஆட்சேபிக்காததையும் கருதி நடுவர் தீர்ப்பைச் செயல்படுத்த அனுமதித்தது. மரபை மதிக்கலாம்; மறைவை மதிக்கலாகாது. இந்தியச் சட்டமும், தகராறு எழுந்தபின் இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் தடையுள்ளவரையும் ஏற்க வழிவிடுகிறது. தொடர்பு அறிந்து தரும் இசைவே மரபுகள் பல இருந்தும் நெறி ஒன்றாக நிற்கப் போதுமான அடித்தளம்.