சமையலறை மேசையின் ஐந்து வண்ணங்கள்

போன மாசம் எங்க திண்டிவனம் வீட்டுச் சமையலறை மேசைக்குப் புது வண்ணம் அடிக்கலாம்னு உட்கார்ந்தேன். சமையலறையின் நடுவே, நாலு பக்கமும் ஆள் நின்று வேலை செய்யிற மாதிரி இருக்கும். இன்றைக்கு இதைக் ‘கிச்சன் ஐலேண்ட்’ என்கிறார்கள். 1986இல் அப்பா இதைச் செய்தபோது அப்படியொரு பெயர் எங்களுக்குத் தெரியாது. பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது மிஞ்சிய கதவுப் பலகைகளை அறுத்து, மேலே ஒரு கடப்பா கல்லைப் போட்டார். அதுவரை தரையில் உட்கார்ந்து அருவாமனையில் காய் நறுக்கிய அம்மா, அன்றுமுதல் நின்றுகொண்டு நறுக்கினார்.

உப்புத்தாளால் ஒரு ஓரத்தைத் தேய்த்தேன். கிரீம் நிறம் போய் வானநீலம் வந்தது. அதற்கடியில் மஞ்சள், பிறகு பச்சை, கடைசியில் மரத்தோடு ஒட்டிய காவி. ஒரு பலகைக்குள் எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறை! ஆராய்ச்சிக்காரன் புத்தி சும்மா இருக்குமா? இன்னும் ஆழமாகத் தேய்க்க ஆரம்பித்தேன்.

தெருவில் போன பெயிண்டர் அண்ணன் எட்டிப் பார்த்துத் திட்டினார்: “இன்னா தம்பி, இப்படி வறட்டுத் தேய்ப்பு தேய்க்கிறீங்க? கொழந்த தவழுற வூடு இது. தண்ணிய தொட்டுத் தேய்ங்க.”

அவர் சொன்னது தூசிக்காக. அன்றிரவு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தத் தூசியில் ஈயம் இருக்கலாம் என்று.

காவியைப் பற்றிக் கவலையில்லை. அது மண்ணிலிருந்து வரும் இரும்புச் சத்துள்ள நிறம். சிக்கல் அதற்கு மேலே வந்த ஆயில் பெயிண்டில். ஹவுராவில் ஷாலிமார் பெயிண்ட் ஆலை தொடங்கியது 1902இல். அதற்குப் பிறகு டப்பா பெயிண்ட் கொஞ்சம் கொஞ்சமாக நம் ஊர்க் கதவுகளுக்கும் வந்தது. பளபளப்பு வேண்டும், சீக்கிரம் காய வேண்டும், வெயிலில் வெளுக்கக் கூடாது. இத்தனைக்கும் அன்று உலகம் முழுக்கக் கையாண்ட சுலபமான வழி, ஈயம். பளிச்சென்ற மஞ்சளுக்கு ஈயக் குரோமேட். அதனோடு நீலத்தைக் கலந்தால் பச்சை. எங்க மேசையில் இருப்பதும் அதே மஞ்சள், அதே பச்சை.

ஈயம் உடம்புக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரைக்கும் போகலாம் என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது. இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. கட்டடங்களின் உட்புறத்தில் ஈயவெள்ளைப் பூச்சுக்குத் தடை கோரும் உடன்பாட்டை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921லேயே கொண்டுவந்தது. அமெரிக்கா வீட்டு உபயோக ஈயப் பெயிண்டை 1978இல் தடை செய்தது. இந்தியாவில் விதி வந்தது 2016இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். பத்து லட்சம் பங்கு பெயிண்டில் ஈயம் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

இதைப் படிக்கும்போது எனக்குப் பனைமலை ஞாபகம் வந்தது. எங்க விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. இராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய தேவி ஓவியம். குடைக்குக் கீழே ஒரு காலை மடித்து நிற்கிறாள். சுமார் 1,300 வருஷம் ஆகிறது, பெரும்பகுதி சிதைந்துவிட்டது. ஆனாலும் மிஞ்சிய காவியும் மஞ்சளும் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. எங்க கதவின் அடியில் கிடந்த காவிக்கு அது தூரத்துச் சொந்தம்.

மேசைக்கு வருகிறேன். நான் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. 2017க்கு முந்தைய பூச்சு என்றால் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்வது நல்லது. குழந்தையை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகமூடி போட்டு, தரையில் பாலித்தீன் விரித்து, வாட்டர் பேப்பரை நனைத்து மேலாகத் தேய்த்தேன். உரிந்து நின்ற இடங்களை மட்டும் சுரண்டினேன், மற்றதைத் தொடவில்லை. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவையும் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். பிறகு பிரைமர், அதன் மேல் ஈயம் சேர்க்காதது என்று டப்பாவிலேயே போட்டிருந்த பெயிண்ட் இரண்டு கோட்டிங். நிறம்? காவிதான். அடியில் இருந்தது மேலே வந்துவிட்டது.

முடிந்ததும் பெயிண்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈயத்தைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் கல்லைத் தடவிக்கொண்டே நின்றார்.

“எங்க காலத்துல இதெல்லாம் யாரு தம்பி சொன்னாங்க? நாப்பது வருஷமா அந்தத் தூசி மேலயே உக்காந்து சோறு துன்னோம்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்க வீட்டிலும் பழைய கதவோ ஜன்னலோ இருக்கும். அதைத் தேய்க்க ஆள் வரும்போது ஒரு வாளித் தண்ணியும் ஒரு முகமூடியும் முதலில் எடுத்து வையுங்கள். அவர் கேட்கமாட்டார், நாமதான் தரணும்.