விசைப்பலகைக்குக் கம்பி வேண்டுமா?

பள்ளிக் கணினிக்கூடத்திற்கு விசைப்பலகை வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம். விசைகளின் உறுதியைப் பார்க்கிறோம். அது கணினியோடு எவ்வாறு இணைகிறது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இவ்விணைப்பின் வரலாற்றில் வகுப்பறைக்கும் ஓரிடம் உண்டு.

1981-இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினியின் விசைப்பலகை, ஐந்து ஊசிகள் கொண்ட வட்டமான ‘டின்’ செருகியால் இணைந்தது. பருமனானது, ஆனால் உறுதியானது. 1984-இல் அதே நிறுவனம், வீட்டையும் பள்ளியையும் மனத்திற்கொண்டு ‘பிசி ஜூனியர்’ என்னும் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விசைப்பலகைக்குக் கம்பியே இல்லை! தொலைக்காட்சியின் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியைப்போல அகச்சிவப்புக் கதிர் வழியாக அது கணினியோடு பேசியது. மடியில் வைத்துத் தட்டலாம் என்பது வசதிதான். எனினும் நான்கு மின்கலங்கள் வேண்டும். பலகை கணினியை நோக்கியே இருக்க வேண்டும். ஓர் அறையில் பல கணினிகளை வைத்தாலோ, ஒரு மாணவர் தட்டியது அடுத்தவர் திரையில் தோன்றக்கூடும். ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இதற்கு மருந்தாக அந்நிறுவனமே தனியாக ஒரு கம்பியை விற்றது. 1985-இல் அக்கணினியின் உற்பத்தி நின்றுபோனது; விலை முதலிய வேறு காரணங்களும் அதற்கு உண்டு.

1987-இல் ‘பிஎஸ்/2’ கணினிகளோடு ஆறு ஊசிகள் கொண்ட சிறிய செருகி வந்தது. விசையை அழுத்தியதும் செய்தியை உடனே கணினிக்கு அனுப்புவது இதன் சிறப்பு. ஆனால் விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் ஒரே வடிவச் செருகி. பின்னாளில் விசைப்பலகைக்கு ஊதா, சுட்டிக்குப் பச்சை என நிறம் பிரித்த பிறகே குழப்பம் குறைந்தது. சிறுவர்கள் திருகி அழுத்தினால் ஊசி வளைந்துவிடும். கணினி இயங்கும்போது கழற்றி மாட்டுவதும் தகாது.

இக்குறைகளை நீக்கியது 1996-இல் வெளியான யுஎஸ்பி. 1998-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐமேக் பழைய விசைப்பலகைத் துளையை அறவே கைவிட்டு இதனையே ஏற்றது. வளைவதற்கு ஊசி இல்லை, எந்நேரமும் கழற்றலாம். கணினிதான் குறித்த இடைவெளியில் பலகையை வினவிக்கொண்டிருக்கும் என்பதால் நூலிழைத் தாமதம் உண்டு. விளையாட்டாளர்கள் அதைப் பெரிதாகப் பேசுவர். ‘அம்மா’ என்று தட்டும் முதலாம் ஆண்டு மாணவருக்கு அது ஒரு பொருட்டன்று.

புளூடூத் வானலையில் இயங்குவதால் கதிரைப்போல் நேர்நோக்கு வேண்டுவதில்லை. தட்டைக்கணினிக்கு அது மிகவும் ஏற்றது. ஆயினும் முப்பது பலகைகள் ஒரே பெயருடன் திரையில் வரிசையாகத் தோன்றும்போது, எது யாருடையது என்று தேடுவதிலேயே பாட நேரம் கரையும். எனவே மாணவர் கூடத்திற்கு யுஎஸ்பி கம்பியே போதும் என்பேன்.

சிறு அலைவாங்கியோடு வரும் மலிவான கம்பியில்லாப் பலகைகள் வேறு வகை. அவற்றுள் பல, தட்டும் எழுத்துகளை மறையாக்கம் செய்யாமலே அனுப்புவதை 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அருகிலிருப்பவர் கடவுச்சொல்லையும் கவர்ந்துவிடலாம். மதிப்பெண் பதியும் கணினிக்கு அத்தகைய பலகையை நான் பொருத்தமாட்டேன்.