எந்தப் பக்கம்?

“சிஸ்டர், நேத்து இடது பக்கம்.”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள். நானும் நோட்டில் குறித்துத்தான் வைத்திருப்பேன். ஆனாலும் அவள் வாயால் சொல்ல வேண்டும். பையிலிருந்து ஆம்பூலை எடுத்துத் தருவாள். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவேன். எண்ணெய் மருந்து, கைச்சூடு ஏறினால்தான் கொஞ்சம் இளகும். அப்படியும் ஊசியில் மெதுவாகத்தான் இறங்கும். மறுநாள் அந்த இடம் கல்லாகக் கட்டிக்கொள்ளும், வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது.

அரசு ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சங்கரன்கோவிலில் என் வீட்டுக்கு இப்படிச் சாயங்காலம் வருகிறவர்கள் உண்டு. மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஐ.வி.எஃப். செய்து, கருவை வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள். டாக்டர் சீட்டில் புரோஜெஸ்டிரான் ஊசி, தினமும் ஒரே நேரம் என்று இருக்கும். அதற்காக நித்தம் பஸ் ஏற முடியுமா? தெருவில் யாராவது கேட்டால் ‘சத்து ஊசி’ என்று சொல்லிக்கொள்வார்கள்.

“இது எதுல இருந்து எடுக்காங்க சிஸ்டர்?” என்று தறி வீட்டு மருமகள் ஒருத்தி கேட்டாள். 30 வருஷ வேலையில் அளவு தெரியும், குத்துகிற இடம் தெரியும். மருந்து பிறந்த கதை தெரியாது. வெட்கமாக இருந்தது. அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

கதை முயலில் தொடங்குகிறது. சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சளாக ஒரு திட்டு உண்டாகும். அதற்குப் பெயர் கார்பஸ் லூட்டியம். லத்தீனில் மஞ்சள் உடல். அன்று ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரத்தில் லுட்விக் ஃப்ரேங்கல், சினை முயல்களில் அந்தத் திட்டுகளை அழித்துப் பார்த்தார். கரு நிற்கவில்லை. 1903-இல் அதை எழுதி வெளியிட்டார். 1929-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் பன்றிகளின் மஞ்சள் திட்டிலிருந்து சாறு எடுத்து, சினைப்பை அகற்றிய முயல்களுக்குச் செலுத்தினார்கள். கரு நின்றது.

அந்தச் சாற்றிலிருந்து புரோஜெஸ்டிரானை மட்டும் தனியே பிரித்தது 1934-இல். பிரித்தவர்களில் ஒருவரான அடால்ஃப் பூட்டனான்ட், 50,000 பன்றிகளின் 625 கிலோ சினைப்பையை வடித்துக் கண்டது 20 மில்லிகிராம். என் கையில் உருளும் ஆம்பூலில் இருப்பது 100 மில்லிகிராம். ஐம்பதாயிரம் பன்றியும் ஒருத்தியின் ஒரு சாயங்காலத்துக்குக் காணாது.

பன்றியிலிருந்து மருந்தைக் கிழங்குக்குக் கொண்டுபோனவர் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர். மெக்சிகோக் காட்டில் ஒரு கிழங்கு. பொங்கலுக்கு நாம் அவிக்கிற சிறுவள்ளிக்கிழங்கின் சாதி. அதிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் புரோஜெஸ்டிரானாக மாற்றும் வழியை அவர் கண்டுபிடித்தார். எந்தக் கம்பெனியும் பணம் போட முன்வரவில்லை. சொந்த முயற்சியில் கிலோ கணக்கில் தயாரித்து, ஜாடிகளைச் செய்தித்தாளில் சுற்றி மெக்சிகோ நகரத்து மருந்துக் கம்பெனிக்காரர்கள் முன்னால் வைத்தார். அப்போது ஒரு கிராம் 80 டாலர். 1944-இல் சின்டெக்ஸ் கம்பெனி பிறந்தது, விலை சரிந்தது. இதைச் சொன்னதும் தறி வீட்டுப் பெண், “அப்ப கிழங்கு நெறைய சாப்பிடட்டா?” என்றாள். தின்றால் வயிறுதான் நிறையும். மனித உடம்புக்கு அந்த மாற்று வித்தை தெரியாது, அது ஆய்வுக்கூடத்து வேலை.

சோதனைக்குழாய் குழந்தையின் வரலாற்றில் இந்த மருந்து வந்த விதம் விசித்திரமானது. இங்கிலாந்தில் அந்த முறையை முயன்ற எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் 1970-களில் தோல்விமேல் தோல்வி கண்டபோது, கருவைக் காக்கவென்று தாங்கள் போட்ட புரோஜெஸ்டிரான் வகை ஊசியே அதைக் கலைக்கிறதோ என்று எட்வர்ட்ஸுக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில் ஊக்க மருந்து இல்லாமல், இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை வைத்து ஜெயித்தார்கள். 1978 ஜூலை 25-இல் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா பிறந்தாள். அவரை அரசு நம்பவில்லை. 1981-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் பம்பாயில் இன்னொரு சோதனைக்குழாய் குழந்தை, ஹர்ஷா, பிறந்தாள். 1990-இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தையைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் வளையலை அடகு வைத்து ரயிலேறத் துணிந்தார்கள்.

ஒரே முட்டையோடு நிறுத்தாமல், பல முட்டைகளை முதிரவைக்கும் முறை வந்ததும் சிக்கலும் வந்தது. மஞ்சள் திட்டுக்கு மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளை குன்றிவிடுகிறது, திட்டு சீக்கிரம் வாடுகிறது. உறைய வைத்த கருவை, மருந்தால் மட்டும் பக்குவப்படுத்திய கருப்பைக்குள் வைக்கும்போது திட்டே கிடையாது. அப்போது கருப்பைக்கு ஆதாரமே நாம் தருகிற புரோஜெஸ்டிரான்தான்.

அதை எப்படித் தருவது என்பதில்தான் கட்சிகள். சாதாரணமாக விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியை உடைத்துவிடும். ஆகவே ஊசி. பிறகு பிரான்சில் 1980-இல், மிக நுண்ணிய தூளாக்கிய மாத்திரை வந்தது. அதைப் பிறப்புறுப்பு வழியாக வைத்தால் நேரே கருப்பைக்குப் போகும். டைட்ரோஜெஸ்டிரான் என்ற வாய்வழி மாத்திரை 1960-களிலிருந்தே உண்டு. புரோஜெஸ்டிரானின் வடிவத்தைச் சற்றே திருப்பிச் செய்தது, ஈரலைத் தாண்டி நிற்கும்.

எங்கள் ஊருக்குக் கட்சிச் சண்டை புதிதல்ல. சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும், நாக அரசர்கள் இருவர், மல்லுக்கு நின்ற கதைமேல்தான் கோவிலே நிற்கிறது. கோமதி அம்மன் தவமிருந்து சிவனையும் திருமாலையும் ஒரே உடம்பில் காட்சி தரச் செய்தாள். வலது பக்கம் சிவன், இடது பக்கம் திருமால். ஆடித்தபசுத் திருவிழா அதற்குத்தான்.

மருந்துக் கட்சிகளும் கிட்டத்தட்ட அப்படியே சமாதானமாயின. 2017-இல் வெளிவந்த லோட்டஸ் ஆய்வில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். எல்லாரும் உறைய வைக்காத, புதிய கருவை வைத்தவர்கள். டைட்ரோஜெஸ்டிரான் விழுங்கியவர்களில் 12 வாரத்தில் கரு நின்றது 37.6 சதவீதம், உள்ளே வைத்தவர்களில் 33.1. வாய்வழி, உள்ளே வைப்பதற்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. உறைய வைத்த கருவில் நிலைமை வேறு. 2021-இல் வந்த அமெரிக்க ஆய்வில் உள்ளே வைக்கும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குக் குழந்தை பிறந்தது 27 சதவீதம், தினமும் ஊசி போட்டவர்களுக்கு 44. மாத்திரையோடு மூன்று நாளைக்கு ஒருமுறை ஊசியும் சேர்த்தவர்களுக்கு 46. இரண்டும் ஒரே உடம்பில்! படித்த அன்று கோவிலுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ‘வலிச்சாத்தான் மருந்து’ என்ற பேச்சு இனி எடுபடாது.

இப்போது ஊசிக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வருகிறவர்களோ நிறுத்தச் சொல்லும்போதுதான் அழுகிறார்கள். ஏழெட்டு வாரத்துக்குமேல் நஞ்சுக்கொடியே புரோஜெஸ்டிரான் சுரக்க ஆரம்பிக்கும், பத்துப் பன்னிரண்டு வாரத்தில் டாக்டர் நிறுத்துவார் என்று விளக்கினாலும், “இன்னும் ஒண்ணே ஒண்ணு போடுங்க சிஸ்டர்” என்பார்கள். போடமாட்டேன்.

தறி வீட்டுப் பெண் அப்படிக் கேட்கவில்லை. கரு வைத்த 14-ஆம் நாள் ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். அன்று சாயங்காலம் வரவில்லை. நான் விசாரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து மிச்சமிருந்த ஆம்பூல்களைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். மடியில் கோவில் புற்றுமண் பொட்டலம் இருந்தது. “நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா சிஸ்டர்? அன்னைக்கு ஒரு நாள் அரைமணி நேரம் பிந்தி வந்தேன்லா?”

“அதனால இல்லம்மா” என்றேன். எண்ணெய் ஊசி உடம்பில் மெதுவாகக் கரைகிறது, அரைமணிக்கு அது கணக்குப் பார்க்காது என்று சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை. நோட்டில் அவள் பக்கம் ‘வலது’ என்பதோடு நின்றிருக்கிறது.